பாதாளக் கரண்டி

2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓர் இரவு, நான் அப்போது பராமரித்துவந்த சர்வர் ஒன்றின் வட்டு பழுதுபட்டுப்போக, புதிய வட்டு ஒன்றைப் பொருத்தி, அவ்வாண்டு ஜூன் மாதம் வெளிவந்திருந்த டெபியன் 9 என்னும் லினக்ஸ் வழங்கலை அதில் நிறுவி, பழைய வட்டிலிருந்து மீட்க முடிந்த அமைப்புக் கோப்புகளை அப்படியே எடுத்து இட்டு, மறுபடி இயக்கிப் பார்த்தபோது வலையமைப்பு உயிர்பெறவில்லை. என்ன ஆயிற்று என்று அறிவதற்காக, பதினைந்து வருஷத்து அப்பியாசத்தின்படி என் விரல்கள் இஃப்கான்ஃபிக் என்று தட்டின. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று இயந்திரம் பதில் சொல்லிற்று. எழுத்துப் பிழையோ என்று மறுபடியும் தட்டினேன். சாதாரணப் பயனருக்கு அந்தக் கட்டளை உறையும் அடைவு டெபியனில் தேடுபாதையில் சேராது என்பது நினைவுக்கு வந்து, ரூட் பயனராகத்தான் நுழைந்திருக்கிறேனா என்றும் சரிபார்த்துக்கொண்டேன். எல்லாம் சரியாகவே இருந்தன, கட்டளைதான் இல்லை. அதைத் தாங்கிவரும் நெட்-டூல்ஸ் என்ற பொதியை இறக்கிக்கொள்ளலாம் என்றால், இறக்குவதற்கு வலையமைப்பு வேண்டும். வலையமைப்பைச் சரிசெய்வதற்கோ, நான் அறிந்த வரையில், அந்தப் பொதி வேண்டும்.

அதே இயந்திரத்தில், அதே காரியத்துக்கு, ஐபி என்ற வேறொரு கட்டளை இருந்தது. அதைப் பற்றிப் படித்திருந்தேன், கை பழகியிருக்கவில்லை. அதன் உதவிக் குறிப்பை வரிவரியாக வாசித்துப் பிரயோகித்துப் பார்த்து, விடியும் வேளையில் காரணத்தைக் கண்டேன். என் பழைய கோப்பு ஈத்0 என்ற பெயருள்ள வலை அட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. புதிய வழங்கலிலோ அதே அட்டை, இயந்திரத்தினுள்ளே தான் அமர்ந்திருக்கும் இடத்தைக் குறிக்கும்படியான இஎன்பி3எஸ்0 என்ற புதுப் பெயரோடு விளங்கிற்று. ஒரு சொல்லை மாற்றி எழுதியதும் வலையமைப்பு எழுந்துவிட்டது. காரியம் முடிந்ததே தவிர, மனத்தில் ஒரு கேள்வி தங்கிற்று. ஒரு வழங்கலை ஆக்கித் தருவோர், வலையமைப்புக்கான கருவிகளுள் எதை இயல்பாகவே கூட வைத்துக் கொடுப்பது, எதை விலக்கி வைப்பது என்பதை எந்த நியாயத்தைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்பதே அது. அதைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். யோசிக்க யோசிக்க, சிறு தொழில் விவரமாகத் தோன்றியது பெரிய விஷயமாகவே விரிந்துகொண்டு போயிற்று.

எங்கள் தாத்தா வீடு இருந்த தெருவில் வீட்டுக்கு ஒரு கிணறு உண்டு. கிணற்றுக்கு ஒரு வாளியும் கயிறும் உண்டு. பாதாளக் கரண்டி மட்டும் தெரு முழுவதற்கும் ஓரிரண்டு வீடுகளில்தான் இருந்தது. இரும்பு வளையம் ஒன்றிலிருந்து கொக்கிகள் பல திசைகளிலும் வளைந்து தொங்கும் அந்தச் சாதனத்தை ஆண்டில் பெரும்பாலான நாட்களில் யாரும் நினைப்பதே இல்லை. கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் போய்விட்ட அன்றுதான் அதன் நினைவு வரும். அன்றைக்கோ அதைத் தவிர வேறொன்றும் உதவாது. அடைமானமாக ஒரு சொம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அதை வாங்கி வந்து, வேறொரு கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவார்கள். வாளி இல்லாத வீடு அன்றைய தினம் தண்ணீர் இல்லாத வீடு. ஆகவே அந்தக் கரண்டி வாளியைக் காட்டிலும் ஒரு படி அடியில் நிற்கிற கருவி.

லினக்ஸ் வழங்கல் ஒன்றில் வலைக்கருவி வகிக்கும் ஸ்தானம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்குப் பிடித்த உரைத்தொகுப்பி இல்லையென்றால் ஒரு வரி கட்டளையால் அதை இறக்கிக்கொள்ளலாம். உலாவியும், நிரலாக்க மொழிகளும், விளையாட்டுக்களும் அப்படியே. அவற்றுள் எதை முதலிலேயே வைத்துக் கொடுப்பது என்ற வாதம் சௌகரியத்தைப் பற்றிய வாதமாகவே முடிந்துவிடும். வலைக்கருவி ஒன்றுதான், அது இல்லாதபோது அதையே கொண்டுவருவதற்கு வழியில்லாமல் போகிற வகையைச் சேர்ந்தது. இயந்திரத்தை வாங்கியவன் கையில் கடைசியாக எஞ்சி நிற்பது எதுவோ, அதைப் பற்றிய தீர்மானம் அது. அதைச் செய்கிறவர்கள் தாம் ஒருபோதும் காணப்போகாத ஒரு மனிதனுடைய மோசமான இரவுக்காகத் தீர்மானிக்கிறார்கள்.

டெபியனை உதாரணமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இயான் மர்டாக் என்ற மாணவர் தொடங்கிவைத்த அந்த வழங்கல், இன்றுவரை ஒரு வணிக நிறுவனத்தின் உடைமையாகாமல், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களால் நடத்தப்பட்டுவருகிறது. பயனர்களும் கட்டற்ற மென்பொருளுமே தமக்கு முதன்மை என்று 1997இல் அவர்கள் எழுதிக்கொண்ட சமூக ஒப்பந்தம் ஒன்று உண்டு. உத்தரவிடுவதற்கு முதலாளி இல்லாத இடத்தில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் காரணம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஆகையால் தீர்மானங்களின் நியாயம் அங்கே மறைந்து கிடப்பதில்லை.

அங்கே பொதிகளுக்குப் படித்தரம் உண்டு. இயந்திரம் இயங்குவதற்கே இன்றியமையாதவை, முக்கியமானவை, வழக்கமானவை, விருப்பத்துக்குரியவை என்பன அப்படிகள். இவற்றுள் 'முக்கியமானவை' என்பதற்கு அவர்களுடைய கொள்கை நூல் தரும் இலக்கணம் மிகவும் சிந்திக்கத் தக்கது. ஒரு பொதியின் அளவையோ, வேகத்தையோ, பயன்படுத்துவோர் தொகையையோ அது உரைகல்லாகக் கொள்ளவில்லை. யூனிக்ஸில் நல்ல அனுபவமுடைய ஒருவர் அந்தப் பொதி இல்லாதிருப்பதைக் கண்டு, இது எங்கே போயிற்று, இங்கே என்னதான் நடக்கிறது என்று திகைப்பாரானால், அது முக்கியமானது என்பதே அதன் சாரம். ஒரு சமூகம் தன் சம்பிரதாயத்தை அளப்பதற்கு, பழக்கமுள்ள மனிதனின் திகைப்பையே அளவுகோலாக்கிக் கொண்டிருக்கிறது. இதில் உள்ள மனித ஞானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். விருந்தாளி கை கழுவ எழுந்ததும் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிற இல்லறத்தார் விவேகம் அது.

ஆயினும் யாருடைய திகைப்பு என்ற கேள்வி உடனே எழுகிறது. திகைப்பு என்பது பழக்கத்தின் குழந்தை. பழக்கமோ தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. அந்த 2017ஆம் ஆண்டு இரவில் நான் திகைத்தேன். என் அருகில் இருபது வயது மாணவர் ஒருவர் அமர்ந்திருந்தால், அவர் ஐபி கட்டளை இல்லாமல் இருந்தால்தான் திகைத்திருப்பார். டெபியன் 9இல் நிகழ்ந்தது வெளிப்பார்வைக்கு மிகச் சிறிய காரியம்: நெட்-டூல்ஸ் பொதியின் படித்தரம் 'முக்கியம்' என்பதிலிருந்து 'விருப்பம்' என்பதற்கு இறக்கப்பட்டது. ஒரு சொல் மாறிற்று. பொதி களஞ்சியத்தை விட்டு நீங்கவில்லை. புதிய நிறுவல்களில் தானாக வந்து அமர்வது மட்டும் நின்றது. அந்த ஒரு சொல்லின் பின்னே முப்பத்துநான்கு ஆண்டுச் சரித்திரம் நின்றது.

இஃப்கான்ஃபிக் பிறந்தது கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் பதிப்பில். இணையத்துக்கான டிசிபி/ஐபி நெறிமுறையைப் பரவலாகக் கல்விக்கூடங்களின் கையில் கொண்டுசேர்த்த பதிப்பு அது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், வலையில் நேர்ந்த கோளாறு ஒன்றின் காரணத்தைத் தேடும் பொருட்டு பிங் என்ற சிறு நிரலை எழுதினார். தொலைவிலுள்ள இயந்திரத்தைக் கூப்பிட்டு, அது குரல் கொடுக்கிறதா என்று கேட்கும் அந்த நிரல் இன்றும் எங்கும் வழங்குகிறது. அக்காலத்து வலையமைப்பின் உருவம் எளியது: ஓர் இயந்திரத்துக்குப் பெரும்பாலும் ஒரு வலை அட்டை, அந்த அட்டைக்கு ஒரு முகவரி, வெளியே போவதற்கு ஒரு வழி. அந்த உருவத்துக்கேற்பவே இஃப்கான்ஃபிக் வார்க்கப்பட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லினக்ஸ் பிறந்தபோது, யூனிக்ஸ் பழகியவர்கள் கை தேடும் பெயர்களையெல்லாம் அங்கே வைத்தாக வேண்டியிருந்ததால், இஃப்கான்ஃபிக், ரூட், நெட்ஸ்டாட், ஆர்ப் ஆகிய கட்டளைகள் அதே பெயரில் புதிதாக எழுதப்பட்டு நெட்-டூல்ஸ் என்ற ஒரே பொதியாகக் கட்டி வைக்கப்பட்டன.

இந்தக் கட்டளைகள் கர்னலோடு பேசும் முறையைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் வழக்கின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. கர்னல் என்பது வலை அட்டைகளையும் முகவரிகளையும் உண்மையில் ஆளுகிற உள்ளுறுப்பு. கட்டளைகள் அதனிடம் விண்ணப்பிக்கின்றவையே. இஃப்கான்ஃபிக் கையாளும் பழைய முறை, கட்டங்கள் முன்னமே அச்சிடப்பட்ட அரசாங்கப் படிவத்தைப் போன்றது. பெயருக்கு இத்தனை எழுத்து, முகவரிக்கு ஒரு கட்டம், அட்டையின் வன்முகவரிக்கு இத்தனை பைட்டு என்று இடம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. கட்டத்துக்குள் அடங்காத செய்தியைக் கர்னல் சொல்ல விரும்பினாலும் சொல்ல முடியாது. 1999ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.2 கர்னலில், அலெக்ஸி குஸ்னெத்சோவ் என்ற ருஷ்ய நிரலாளர் வலையமைப்புப் பகுதியைப் பெருமளவு திருத்தி எழுதியபோது, படிவத்துக்குப் பதிலாகக் கடிதம் போன்ற ஒரு முறை நிலைபெற்றது. நெட்லிங்க் என்பது அதன் பெயர். சொல்ல வேண்டியது எவ்வளவோ அவ்வளவு நீளம் அந்தக் கடிதம். நாளைக்குப் புதிதாக ஒரு செய்தி தோன்றினால் புதிதாக ஒரு பத்தி சேரும். அந்த முறையில் பேசுவதற்காக அவர் எழுதியதே ஐபிரூட்2 என்னும் பொதி. ஐபி என்ற கட்டளை அதன் தலைமகவு.

அதன் பிறகு லினக்ஸில் இரண்டு உண்மைகள் உலவத் தொடங்கின. ஐபி கட்டளையைக் கொண்டு ஒரே வலை அட்டைக்கு, தனிப் பட்டப்பெயர் ஏதும் சூட்டாமல், இரண்டாவது ஐ.பி. முகவரி ஒன்றைச் சேர்த்தால், இயந்திரம் இரண்டு முகவரிகளுக்கும் பதில் கொடுக்கும். ஆனால் இஃப்கான்ஃபிக்கைக் கேட்டால் ஒன்றை மட்டுமே காட்டிவிட்டு நின்றுவிடும். போக்குவரத்துக்கு வழி சொல்லும் அட்டவணைகள் பல இருக்க முடியும் என்று ஆன பின்னும், ரூட் என்ற பழைய கட்டளை முதன்மை அட்டவணை ஒன்றையே வாசித்துச் சொல்லும். அதிவேக ஆராய்ச்சிக் கணினிகளில் வழங்கும் இன்ஃபினிபேண்ட் வலையில் அட்டையின் வன்முகவரி 20 பைட்டு நீளமுடையது; பழைய படிவத்தின் மூலம் முதல் 8 பைட்டுகளே சரியாக வந்து சேரும். இதில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. அத்தகைய இயந்திரத்தில் இஃப்கான்ஃபிக்கை இயக்கினால், தன் குறையைத் தானே அறிவித்து, முதல் 8 பைட்டுகளை மட்டும் நம்பும்படியும், தான் காலாவதியான கட்டளையென்றும், ஐபி கட்டளையை நாடும்படியும் அதுவே எச்சரிக்கிறது. வயது முதிர்ந்த வைத்தியர், இந்த வியாதி என் காலத்தில் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்வதில் எவ்வளவு நேர்மை உண்டோ அவ்வளவு நேர்மை அந்த எச்சரிக்கை வரிகளில் இருக்கிறது.

என் அபிப்பிராயத்தை இங்கே ஒளிவில்லாமல் சொல்லிவிடுகிறேன். வலைக்கருவிக்குப் பல குணங்கள் வேண்டும். ஆனால் இயந்திரத்தினுள் இருப்பதை இருக்கிறபடி எடுத்துரைக்கும் குணம் இல்லாத பட்சத்தில் மற்றெந்தக் குணமும் அதைக் காப்பாற்றாது. நள்ளிரவில், தொலைபேசியில் யாரோ அவசரப்படுத்த, கோளாறு எங்கே என்று தேடுகிறவனுக்குத் தன் முன்னே விரியும் திரை ஒன்றே பிரத்தியட்சம். அதில் ஒரு முகவரிதான் இருக்கிறது என்று கண்டால், ஒன்றுதான் இருக்கிறது என்றே அவன் நம்புவான்; மறைந்து நிற்கும் இரண்டாவது முகவரியே கோளாறுக்கு மூலமாக இருந்தால், அவனுடைய அனுபவம் முழுவதும் அவனுக்கு எதிராகவே வேலை செய்யும். பழகிய கருவி சொன்ன அரைகுறைச் செய்தியை, பழகிய காரணத்தாலேயே சம்சயமின்றி ஏற்றுக்கொள்வான். முன்னிருப்பாக ஒரு கருவியை வைத்துக் கொடுப்பது, இதை நம்பலாம் என்று சொல்லாமல் சொல்வதற்குச் சமானம். நம்பத் தகாதது என்று அறிந்தபின் அந்த ஸ்தானத்தில் அதைத் தொடர்ந்து வைத்திருப்பது, பயனரின் பழக்கத்துக்குக் காட்டும் தாக்ஷண்யத்தால் அவருடைய காரியத்தைக் கெடுப்பதாகவே முடியும்.

அப்படியானால் பழைய பெயரை வைத்துக்கொண்டே உள்ளுறுப்பைப் புதுப்பித்திருக்கலாகாதா என்று கேட்கலாம். பெர்க்லி மரபின் நேர் வாரிசான ஃப்ரீபிஎஸ்டியில் அப்படித்தான் நடந்தது. அங்கே இன்றைக்கும் இஃப்கான்ஃபிக்தான் அரசு செலுத்துகிறது. கம்பியில்லா வலை, பாலங்கள், மெய்நிகர் வலைப் பிரிவுகள் என்று காலம் கொண்டுவந்த புதுமைகள் யாவும் அந்த ஒரே கட்டளைக்குள் இடம்பெற்றிருக்கின்றன. நாற்பது ஆண்டுக்கு முன் பழகிய கை, அங்கே இன்றும் வழி தவறாது. அதைக் கண்டு நான் ஏங்கியதுண்டு. ஆனால் ஃப்ரீபிஎஸ்டியில் கர்னலும் அதனோடு பேசும் கட்டளைகளும் ஒரே களஞ்சியத்தில், ஒரே சமூகத்தின் கையில், ஒன்றாகவே வளர்கின்றன. கர்னலில் ஒரு புதுமை புகுந்தால் கட்டளையும் கூடவே திருத்தம் பெறுகிறது. லினக்ஸிலோ கர்னலை ஆக்குவோர் ஒரு திசை, கட்டளைகளை எழுதுவோர் வேறு திசை. நெட்-டூல்ஸ் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. கர்னலைத் திருத்தியவர், அதனருகிலேயே தம் சொந்தக் கருவியை வளர்த்துக்கொண்டார். இரண்டு திசைகளிலிருந்தும் வருவனவற்றைச் சேர்த்து முறைப்படுத்தி ஒரு குடித்தனமாக்கித் தருவது வழங்கலை ஆக்குவோரின் பொறுப்பு. ஃப்ரீபிஎஸ்டியில் எழவேண்டிய தேவையே இல்லாத இந்தத் தேர்வு, லினக்ஸ் வழங்கல்களின் தலையில் விழுந்ததற்கு இதுவே காரணம்.

1999இல் மேலான கருவி பிறந்தது. 2017இல்தான் டெபியன் பழையதை ஆசனத்திலிருந்து இறக்கிற்று. ரெட் ஹாட் வழியில் வந்த சென்ட்ஓஎஸ் 7, அதன் குறைந்தபட்ச நிறுவலில், 2014லேயே அதை விட்டுவிட்டிருந்தது. பதினெட்டு ஆண்டுத் தாமதத்தைக் குறையாகச் சொல்லுவோர் உண்டு. நான் சொல்லமாட்டேன். இடைப்பட்ட பல வெளியீடுகளில் இரண்டு கருவிகளும் அருகருகே இருந்தன. பாடநூல்கள் திருத்தம் பெறவும், ஆயிரக்கணக்கான நிர்வாகிகள் எழுதி மறந்துபோன சிறு சிறு நிரல்கள் கண்ணில் பட்டு மாற்றம் அடையவும், அந்த ஆண்டுகள் அவகாசம் தந்தன. அவகாசத்தை நான் பயன்படுத்திக்கொள்ளாதது என் பிழை. ஆனால் அந்த வெளியீட்டின்மீது எனக்கு ஒரு மனக்குறை இருக்கவே இருக்கிறது: கருவியை விலக்கிய அதே வெளியீட்டில், வலை அட்டைகளின் பெயர் முறையையும் மாற்றினார்கள். இரண்டு அட்டைகள் உள்ள இயந்திரத்தில் ஈத்0 எது, ஈத்1 எது என்பது இயக்கத்துக்கு இயக்கம் மாறிவிடக்கூடும் என்ற உண்மையான தொல்லையைப் போக்குவதற்காகவே புதுப் பெயர்கள் வந்தன என்பதை அறிவேன். இருந்தாலும், பொருளின் பெயரும் அதைக் காட்டித் தரும் விளக்கும் ஒரே நாளில் மாறும்போது, பழையவன் இருட்டில் நிற்கிறான். வெளியீட்டுக் குறிப்பில் இரண்டையும் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பெயரை ஒரு வெளியீட்டிலும் விளக்கை அடுத்ததிலும் மாற்றியிருந்தால் கருணையாக இருந்திருக்கும்.

இதுவரை சொன்னது நிலைமையைக் கண்டு சொல்லும் கருவியைப் பற்றி. இயந்திரம் எழும்போதெல்லாம் வலையமைப்பைத் தானாக அமைத்துக்கொடுக்கும் கருவி எது என்ற இன்னொரு தேர்வு இருக்கிறது. அதில் எனக்கு இத்தனை உறுதி இல்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் 2.2 காலத்திலிருந்து அந்தப் பணியைச் செய்துவருவது இஃப்அப்டவுன். அதற்கு ஓர் உரைக்கோப்பு போதும்; இந்த அட்டையை எழுப்பு, இதற்கு முகவரி இது, வாயில் இது என்று நாலைந்து வரி. எழுதியதைப் படித்தால் பொருள் விளங்கும், விளங்கியபடியே நடக்கும். ஆனால் அது நிலைத்த இடத்தில் நிற்கும் இயந்திரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. காலையில் வீட்டிலும், பகலில் கல்லூரியிலும், மாலையில் ரயிலிலும் திறக்கப்படும் மடிக்கணினிக்கு, கம்பியில்லா வலைகளைத் தேடிப் பிடித்து, கடவுச்சொல்லை நினைவில் வைத்து, ஒன்று போனால் மற்றொன்றில் ஏறிக்கொள்ளும் சாமர்த்தியம் வேண்டும். அதற்காகவே 2004இல் ரெட் ஹாட்டில் நெட்வொர்க்மேனேஜர் தோன்றிற்று. டெபியனில் க்னோம் போன்ற மேசைச் சூழலைத் தேர்ந்தால் அது கூடவே வருகிறது. இஃப்அப்டவுன் கோப்பில் பெயர் எழுதப்பட்ட அட்டையைத் தான் தொடாமல் ஒதுங்கியும் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு நிர்வாகம் நடப்பதற்கு இந்த மரியாதை அவசியமே. எனினும் அந்தக் கோப்பில் மறந்துபோய் விட்ட ஒரு வரியால், மேசைத் திரையில் வலை ஏன் தோன்றவில்லை என்று புதியவர்கள் மணிக்கணக்கில் மயங்குவதைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாவதாக, மேகக் கணினிகளின் காலத்தில், 2014ஆம் ஆண்டு சிஸ்டம்டி தொகுதியின் ஓர் உறுப்பாகவே சிஸ்டம்டி-நெட்வொர்க்டி வந்து சேர்ந்தது. தொடக்க நிரலாக சிஸ்டம்டியை ஏற்பதா என்ற பிணக்கில், அதே ஆண்டு பிப்ரவரியில், டெபியனின் தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிளந்து, தலைவரின் தீர்மான வாக்கால் முடிவெடுக்க நேர்ந்ததையும், உடன்படாதவர்கள் பிரிந்து டெவுவான் என்று தனிவழி கண்டதையும் நினைவில் வைத்திருப்போர்க்கு, வலையமைப்பையும் அதே தொகுதியின் கையில் கொடுப்பது எளிய காரியமாகப் படாது. உபுண்டு வேறு உபாயம் கண்டது: 17.10 பதிப்பிலிருந்து நெட்பிளான் என்ற ஒரே மொழியில் எழுதச் சொல்லி, மேசைக் கணினியில் நெட்வொர்க்மேனேஜரையும், சர்வரில் சிஸ்டம்டி-நெட்வொர்க்டியையும் பின்னிருந்து இயங்க வைத்தது. எழுதுவது ஓரிடம், நடப்பது மற்றோரிடம் என்றாகிவிடுவதால், கோளாறு நேர்கையில் இரண்டையும் அறிந்திருக்க வேண்டியிருக்கிறது என்பது என் அனுபவம்.

இவற்றுள் எதுவும் பொய் சொல்லும் கருவி இல்லை. ஆகையால் முன்னே சொன்ன உரைகல் இங்கே உதவவில்லை. ஒவ்வொன்றும், இயந்திரம் என்றால் என்ன என்பதற்கு ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது. மேசை நிறுவலுக்கு நெட்வொர்க்மேனேஜர் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. சர்வருக்கு எது என்று கேட்டால், என் மனம் இஃப்அப்டவுனின் பக்கமே சாய்கிறது. அந்தச் சாய்வில் பழக்கம் எவ்வளவு, நியாயம் எவ்வளவு என்று பிரித்தறிய முயன்றுகொண்டே இருக்கிறேன். அதற்கெதிரான வலுவான வாதம் ஒன்றையும் மறைக்கலாகாது. ஒரு கருவியைப் பராமரிக்கும் கைகள் குறைந்துபோனால், அது எவ்வளவு அழகியதாயினும் முன்னிருப்பாக இருக்கும் யோக்கியதையை மெல்ல மெல்ல இழக்கிறது. இஃப்அப்டவுனுக்குத் துணையாக, முகவரியைத் தானே கேட்டு வாங்கித் தந்துவந்த டிஹெச்கிளையன்ட் அப்படித்தான் போயிற்று. அதை ஆக்கிய ஐஎஸ்சி அமைப்பு 2022இல் அதன் பராமரிப்பை முடித்துக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல், ராய் மார்பிள்ஸ் எழுதிப் பேணிவரும் டிஹெச்சிபிசிடி அந்த இடத்துக்கு வந்தது. இஃப்அப்டவுன் கோப்பின் வரிகள் மாறவில்லை. அடியில் ஒரு கல்லை எடுத்து வேறு கல் வைத்தார்கள். இத்தகைய மாற்றத்தை அறியாமலே இலட்சோபலட்சம் பேர் அதன்மேல் நடந்துபோகிறார்கள் என்பதை நினைக்கும்போது, அந்தக் கல்லை மாற்றி வைத்தவர்களின் சிரத்தைக்கு மனம் வணங்குகிறது.

இந்தத் தீர்மானங்கள் டெபியனோடு நின்றுவிடுவதும் இல்லை. அதை அடித்தளமாகக் கொண்டு எழுந்த வழங்கல்கள் பல; சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில் உருவாக்கப்பட்ட பாஸ் லினக்ஸ் அவற்றுள் ஒன்று. எங்கோ ஒரு தன்னார்வலர் ஒரு பொதியின் படித்தரத்தை மாற்றி எழுதினால், சில ஆண்டுக்குப் பின் நம் ஊர்ப் பள்ளி மாணவி ஒருத்தியின் முனையத்தில் ஒரு கட்டளை இருப்பதும் இல்லாதிருப்பதும் அதைப் பொறுத்ததாகிறது.

சென்ற மாதம் டெபியன் 13ஐ ஒரு சிறு சர்வரில் நிறுவினேன். உடனிருந்த தம்பிக்கு வயது பத்தொன்பது. கணினி பழகுவதற்காக வாரம் இரு முறை வருகிறவர். நிறுவல் முடிந்ததும் வலை நிலைமையைப் பார்க்கும்படி சொன்னேன். ஐபி என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஏ என்று ஓர் எழுத்தை மட்டும் தட்டினார். இஎன்பி1எஸ்0 என்ற அட்டையின் கீழே இரண்டு முகவரிகளும் வரிசையாக வந்து நின்றன. இஃப்கான்ஃபிக் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். பழைய பாடநூல் ஒன்றில் பார்த்திருப்பதாகச் சொல்லி, "அதையும் நிறுவிவைக்கட்டுமா, ஐயா?" என்று கேட்டார். வலையமைப்பு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷத்து வேலை. வேண்டாம் என்றேன்.